மூன்று இடங்களில் ஒரே பிரதி

மதியம் மூன்றே காலுக்குச் செய்தி வந்தது. தங்கை அப்போது, பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒரு நகைக்கடைக்காரருக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். நகைக்கடைக்காரர் வாயைக் கோணி, கண்ணை இறுக்கி மூடி, "தண்" வரைக்கும் வந்திருந்தார். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. பயிற்சி நேரத்தில் அவள் எடுப்பதில்லை. அது நின்றது, மறுபடி அதிர்ந்தது, நின்றது. அடுத்த முறை எடுத்தாள்.

"மேடம், உங்க அண்ணன் ஆபீஸ் மேனேஜர் பேசறேன். சார் சீட்லயே சாஞ்சுட்டார். டாக்டர் வந்து பார்த்துட்டார். முடிஞ்சுடுச்சு மேடம்."

மறுமுனையில் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். சாரோட கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? நாளைக்கு ஒரு ரிப்போர்ட் போகணும். மரியாதையா இருக்கட்டும்னு கம்ப்யூட்டரை நிறுத்திட்டோம். இப்ப திறக்க மாட்டேங்குது."

கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தோல் இருக்கும்போல. அது தடித்தும் இருக்கும், பளபளப்பாகவும் இருக்கும்.

அதே நேரத்தில் நகைக்கடைக்காரர் "ணீர்" என்று முடித்துவிட்டார். பல வாரமாக வராத சொல். அவர் கண்ணைத் திறந்து, பாராட்டுக்காக அவள் முகத்தையே பார்த்தார். "ரொம்ப நல்லா சொன்னீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, போனில், "பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தங்கை எழுந்தாள்.

அண்ணன் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தால் இதை அவன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய கட்டிடங்களைப் பார்வையிட்டு, எந்தச் சுவரில் விரிசல், எந்தத் தூணில் ஈரம் என்று அறிக்கை கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் ஆவணப் பிரிவின் தலைவன். பிரிவில் மொத்தம் ஒன்றரைப் பேர். அவன் ஒன்று. வரவேற்பில் உட்காரும் பெண் மதியத்துக்கு மேல் அவனுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பாள், அவள் அரை. பொறியாளர்கள் கிறுக்கிக் கொண்டுவருவதை அறிக்கையாக அடிப்பது, படம் ஒட்டுவது, பக்க எண் போடுவது, பத்திரப்படுத்துவது. இவைதான் வேலை. முதல் மூன்றையும் எல்லாரையும்போலச் செய்தான். நான்காவதை ஒரு மதமாக்கி, அதற்குத் தானே குருவாகவும் தானே பக்தனாகவும் இருந்தான்.

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் "கண்ட்ரோல் எஸ்". ஒரு வரி அடித்தால் சேமிப்பான். ஒரு காற்புள்ளி வைத்தால் சேமிப்பான். எதுவும் அடிக்காமல் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலும் இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் தாமாக இறங்கி ஏறும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு விரலும் மேசையை அழுத்தும். பேருந்தில் முன் இருக்கையின் கம்பியை அழுத்தும். அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வந்து எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, அவன் விரல்கள் முழங்காலில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

"இப்ப என்னத்தை சேவ் பண்றே?" என்று தங்கை கேட்டாள்.

"பழக்கம், பாப்பா," என்றான். ஐம்பதைத் தொடப்போகிறவளை அவன் கடைசிவரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டான்.

தன் மதத்தை ஊருக்குப் பரப்பாமலும் அவனால் இருக்க முடிந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் ஏணி கேட்டு வந்தார். ஏணியைக் கையில் கொடுத்தவன் அதை விடவில்லை.

"உங்க பொண்ணு காலேஜ் ப்ராஜெக்ட் பண்றாளே, அதை எங்கே வெச்சிருக்கா?"

"கம்ப்யூட்டர்லதான் சார்."

"கம்ப்யூட்டர்லன்னா? ஒரே இடத்துலயா?"

ஏதோ கொலை நடந்துவிட்டதைக் கேள்விப்பட்டவன் முகம் அவனுக்கு. ஏணியின் ஒரு முனையில் அவர், மறு முனையில் இவன். நடுவில் மின்சாரம் போவது, தேநீர் கொட்டுவது, திருடன் வருவது, பூனை விசைப்பலகையில் படுப்பது என்று எல்லாப் பேரழிவும் வரிசையாக வந்து போயின. அடுத்த முறை அவருக்கு ஏணி தேவைப்பட்டபோது இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் வேறு எந்தப் பொருளையும் அவனுக்குக் காப்பாற்றத் தெரியாது. குடைகளை அவன் தொலைக்கவில்லை, ஊருக்குத் தானம் செய்தான் என்று அண்ணி சொல்வாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டையே கவிழ்ப்பான். கல்யாண ஆல்பத்துக்கு அட்டை மாற்றக் கொண்டுபோனவன் பேருந்தில் விட்டுவிட்டு வந்தான். "நல்லவேளை, கல்யாணத்துல நானும் இருந்தேன், இல்லேன்னா அது நடந்துச்சான்னு எனக்கே சந்தேகம் வந்திருக்கும்," என்று அண்ணி சொன்னாள். அவன் அதற்கும், "அதான் அப்பவே ஸ்கேன் பண்ணி வெச்சுக்கணும்கறது," என்று பாடம் எடுத்தான். ஸ்கேன் பண்ணியிருக்க வேண்டியவன் அவன்தான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மனிதர் தமக்கு முக்கியமான கோப்புகளைக் கணினியின் குப்பைத் தொட்டிக்குள் வைத்திருந்தார். அங்கே போட்டால் இடம் பிடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, அதற்குள்ளேயே தேடி, திறந்து, பார்த்து, திரும்ப அதற்குள்ளேயே போட்டு, ஆண்டுக்கணக்காக அப்படியே குடும்பம் நடத்திவந்தார். கோப்புகளுக்கு அவர் வைத்த பெயர்கள் "புதுசு", "ரொம்பப் புதுசு", "கடைசி", "கடைசியிலும் கடைசி". ஒரு நாள் வரவேற்புப் பெண் தெரியாமல் தொட்டியைக் காலி செய்துவிட்டாள். அன்று மேனேஜர் அழுத அழுகையை அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினான். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. எல்லாவற்றின் பிரதியும் தன்னிடம் இருந்ததை மேனேஜருக்கு உடனே சொல்லவில்லை, சாயங்காலம்வரை அழவிட்டுத்தான் சொன்னான் என்பதையும் பெருமையாகச் சொன்னான். இப்படிப்பட்டவன்தான். நல்லவன் என்று இன்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

அவனுடைய ஏற்பாடு இது. எல்லா ஆவணமும் மூன்று பென் டிரைவில் இருக்கும். ஒன்று அலுவலக மேசையில். ஒன்று அவன் வீட்டுச் சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். ஒன்று தங்கை வீட்டுத் தையல் பெட்டியில். அலுவலகம் எரிந்தால் வீடு இருக்கும், வீடு எரிந்தால் தங்கை வீடு இருக்கும்.

"மூணும் சேர்ந்து எரிஞ்சா?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

"மூணும் எரிஞ்சா கட்டிடத்துக்கு எதுக்கு ரிப்போர்ட்?"

அதில் ஒரு சட்டமும் இருந்தது. மூன்றிலும் ஒரே பிரதிதான் இருக்க வேண்டும். பழைய பிரதி இருக்கக் கூடாது. "பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்னைக்காவது ஒருத்தன் பழசைத் திறந்து அதுல வேலை செய்வான். அப்புறம் எது நிஜம்னு யாருக்கும் தெரியாது. ஒரே ஃபைல், ஒரே உண்மை," என்பான். அதனால் ஒவ்வொரு மாலையும் புதியதைப் போட்டுப் பழையதை அழிப்பான். கணினி தானாகப் பழைய பிரதி எடுத்து வைக்கும் வசதியையும் நிறுத்திவைத்திருந்தான். இயந்திரத்துக்குத் தன்னளவு பொறுப்பு கிடையாது என்பது அவன் முடிவு.

தங்கையின் புத்தகம் இந்த மகானிடம்தான் வந்து மாட்டிக்கொண்டது.

பேச்சை இழந்தவர்களுக்காகப் பல வருஷமாக அவள் எழுதிவந்த பாடங்கள் அவை. கடையில் பேசுவது, மருத்துவரிடம் பேசுவது, பேரப்பிள்ளையைத் திட்டுவது என்று ஒவ்வொரு பாடத்திலும் பத்து வாக்கியம், அதற்கு முன்னால் உதட்டுக்கும் நாக்குக்கும் பயிற்சி, படம், எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்ற குறி. ஒரு வாக்கியம் ஒருவர் வாயில் சிக்கினால் அதை மாற்றுவாள். மாற்றியது இன்னொருவர் வாயில் சிக்கினால் மறுபடி மாற்றுவாள். அப்படித் தேய்ந்து வழவழப்பான வாக்கியங்கள். ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டிருந்தது. இவளுக்குப் பக்கம் அமைக்கத் தெரியாது. அண்ணன் வந்து, மடிக்கணினியில் இருந்ததை வாங்கிக்கொண்டு, தன் சட்டப்படி அதிலிருந்த பிரதியை அழித்தான்.

"அது அங்கேயே இருக்கட்டுமே, உனக்கு என்ன பண்ணுது?"

"குழப்பம் பாப்பா. உன் தையல் பெட்டியில இருக்கு, போதும். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். எழுத்துருவை மாற்றுவதற்காக மொத்தப் புத்தகத்தையும் தேர்ந்தெடுத்து, திரையெல்லாம் நீலமாக நிற்கும்போது, மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தவன் விரல் ஏதோ ஓர் எழுத்தில் பட்டிருக்கிறது. நூற்றைம்பது பக்கமும் போய் அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் அலறி, கடைசியாகச் செய்ததை ரத்து செய்திருப்பார்கள். ஒரு நொடி வேலை. அவன் அலறவில்லை. அவன் திரையைப் பார்க்கவே இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தம் கடமையைச் செய்தன. சேமித்தான், மூடினான், எழுந்துபோனான். மாலையில் அந்த ஓர் எழுத்தை மூன்று பென் டிரைவிலும் பக்தியோடு ஏற்றி, அவற்றிலிருந்த புத்தகத்தை அழித்தான். அன்று மாலை தங்கை வீட்டுக்கு வந்து தையல் பெட்டியைத் திறந்து, அவள் போட்டுக்கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனான்.

சில நாள் கழித்து அவள்தான் திறந்து பார்த்தாள். வெள்ளைப் பக்கம். இடது மூலையில் ஒரு "க".

போனில் கூப்பிட்டாள். "புத்தகத்தை ரொம்பச் சுருக்கிட்டியே. படிக்கிறவங்களுக்குச் சௌகரியம்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு தன் பிரதியைத் திறந்து பார்த்தான் போலிருக்கிறது. விரல்கள் எதையோ தட்டுவது போனில் கேட்டது.

"தட்டாதே," என்றாள். "அதைத் தட்டித்தான் இந்த கதி."

கணினி பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் மூன்றையும் கொண்டுபோனான். அவர் ஒரு வாரம் வைத்திருந்து, "ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க சார், அடியில ஒண்ணும் மிச்சம் இல்லை. ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க," என்று திருப்பிக் கொடுத்தார். அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பதிப்பகம் அந்த வருஷ இறுதிவரை காத்திருப்பதாகச் சொன்னது, அதற்குமேல் இல்லை என்றும் சொன்னது. தங்கைக்கு அந்த வாக்கியங்களை நினைவிலிருந்து எழுத முடியவில்லை. ஒவ்வொன்றையும் எத்தனையோ முறை மாற்றியவளுக்கு எல்லா வடிவமும் சேர்ந்து நினைவுக்கு வந்தன, கடைசி வடிவம் எது என்று மட்டும் தெரியவில்லை. மேனேஜரைப் பார்த்துச் சிரித்தவனால் இவளும் "கடைசியிலும் கடைசி"யைத் தேடுகிறவளானாள்.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். வாரம் தவறாமல் கூப்பிட்டாள். "என்ன காலி, எப்படி இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பாள். கண்ட்ரோல் எஸ் போய் "காலி" என்பது பெயரானது. அண்ணியும் அதைப் பிடித்துக்கொண்டாள். பால் பாத்திரம், எண்ணெய்ப் புட்டி, தீப்பெட்டி எது தீர்ந்தாலும், "உங்க அண்ணன் சேவ் பண்ணிட்டார் போல," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"பாப்பா, நீ பாடத்தை எல்லாம் அச்செடுத்து உன் ஆளுங்களுக்குக் கொடுப்பியே, அவங்க அட்ரஸ் குடு."

"எதுக்கு?"

"போய் வாங்கிட்டு வரேன்."

"கிழிச்சுப் போட்டிருப்பாங்க. கடலை மடிச்சிருப்பாங்க."

"உன் பாடத்துல எவனாவது கடலை மடிப்பானா?"

"ஐஸ் வைக்காதே. போ. வீடு வீடா போய்க் கையேந்து. உனக்கு அதுதான் தண்டனை."

உண்மையிலேயே போனான். ஒவ்வொரு ஞாயிறும், தோளில் பையோடு, ஒரு கட்டு பிளாஸ்டிக் உறைகளோடு. தாளை இரவல் வாங்கிவந்து, அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அடித்து, அதை உறையில் போட்டு அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்தான். ஒரு பாடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. ஒன்று மாத்திரை டப்பாவுக்கு அடியில், மஞ்சள் பிடித்து. ஒன்றை ஒரு தையல்காரர் கத்தரித்து, வாக்கியம் வாக்கியமாகக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருந்தார். அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் முகத்தையும் பார்த்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி எழுதி வந்தான். மூன்று பென் டிரைவும் தோற்ற இடத்தில் குளிர்சாதனப் பெட்டிக் கதவு ஜெயித்தது என்று தங்கை சொல்லிக்காட்டினாள்.

போன இடத்திலும் அவன் உபதேசத்தை விடவில்லை. தாளுக்கு இன்னொரு நகல் எடுத்து வேறு அறையில் வையுங்கள், ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று பேச்சு வராதவர்களுக்கு மணிக்கணக்கில் பேசியிருக்கிறான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குக் குறுக்கே பேசாத கேட்பவர்கள் கிடைத்திருக்கிறார்கள். பிறகுதான் ஒருவர் மனைவி சொல்லித் தெரிந்தது: உபதேசம் முடிந்ததும் அந்தத் தாளை அவர்களைப் படிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்வானாம். தங்கை இதற்கும் திட்டினாள். பேச்சுப் பயிற்சிக்குப் படித்தவள் அவள்.

ஒன்று சொல்ல வேண்டும். அடித்ததை இந்த முறை அவன் வேறு மாதிரி வைத்தான். ஒவ்வொரு நாளும் புதிய பிரதி, பெயருக்கு முன்னால் தேதி. பழையது எதையும் அழிக்கவில்லை. கோப்புறை நிறைய, மனிதனின் குற்ற உணர்ச்சி வரிசையாக நின்றது. "இப்பத்தான் புத்தி வந்துதா?" என்றாள். "லேட்டா வந்தாலும் தேதி போட்டு வந்திருக்கு," என்றான்.

கடைசிப் பாடம்தான் கிடைக்காமல் இழுத்தது. போனில் பேசுவதற்கான பாடம் அது. அதை அவள் கொடுத்திருந்தது ஒரே ஒருவருக்கு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு. அவர் தினமும் காலையில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். தாளைத் தர மறுத்தார். அண்ணன் மூன்று ஞாயிறு போனான். படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கைப்பேசியை நீட்டினால் தாளைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறாராம். அடுத்த முறை போனபோது, ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுப்பதாக அவர் மனைவியின் முன்னால் சத்தியம் செய்த பிறகு, அவராகவே எடுத்து நீட்டி, "போ" என்று ஒரு சொல் சொன்னார்.

"அவர் திட்டினாரா, வழியனுப்பினாரா, தெரியலை," என்று அண்ணன் போனில் சொன்னான்.

"ரெண்டும்தான்," என்றாள் தங்கை. "வைக்கட்டுமா, காலி?" அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

அன்று அண்ணன் வீட்டில் கூட்டம் இருந்தது. அண்ணி மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்ததும், அழுவதற்கு முன்னால் அவள் சொன்னது இது:

"நெஞ்சு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், உடனே பண்ணணும்னார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை ஸ்கேன் பண்ணி, தேதி போட்டு, மூணு இடத்துல வெச்சார்மா. டெஸ்டுக்குப் போகலை."

"கேக்கலையா நீங்க?"

"கேட்டேன். சீட்டு பத்திரமா இருக்குன்னார்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கும் வந்தது. இரண்டு பேரும் முகத்தைப் புடவையில் மறைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வந்தவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவே மாறியது, யாருக்கும் எதுவும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் மாலையோடு வந்தார். எல்லார் காதிலும் விழும்படி, "சார் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு ஃபைல்கூடத் தொலைச்சதில்லை. அப்படி ஒரு மனுஷன்," என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. பிறகு தங்கையின் பக்கமாகக் குனிந்து, "பாஸ்வேர்டு..." என்றார்.

"உங்க டிராயர்ல பாருங்க. ஒட்டின கவர் ஒண்ணு உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கிறதா சொல்லியிருக்கான். தொலைச்சிருக்க மாட்டீங்கன்னு நம்பிக்கையாத்தான் இருந்தான்."

"ஓ," என்றார் மேனேஜர். "அதுவா அது?"

மூன்றாம் நாள் அவள் அலுவலகத்துக்குப் போனாள். புத்தகத்தின் கடைசித் தேதிப் பிரதி அங்கேதான் இருந்தது. அது முழுசாக இருக்கிறதா, இல்லையா என்பதைத் தவிர வேறு எதுவும் அன்று அவள் மனதில் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அதைத்தான் அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். மேசையில் அவன் கண்ணாடி இருந்தது. கடைசியாக அவன் தொலைக்காத கண்ணாடி. நாற்காலியை யாரோ வேறு அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வரவேற்புப் பெண் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"அன்னைக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தினது யாரு?" என்று தங்கை கேட்டாள்.

"நான்தான் மேடம்," என்றார் மேனேஜர். "ஏதோ கேட்டுச்சு. மாத்தினதை சேவ் பண்ணவா, வேண்டாமான்னு. நாம எதுக்கு மத்தவங்க ஃபைல்ல கை வைக்கணும்? வேண்டாம்னு குடுத்துட்டேன்."

நாகரிகத்தால் இப்படியும் ஒரு சேதம் உண்டு. வரவேற்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கை மேனேஜரை நிதானமாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் கண்ட்ரோல் எஸ்ஸின் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தும், அந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று பதில் சொல்ல முடிந்த ஒரே மனிதர்.

"நல்ல காரியம் பண்ணீங்க," என்றாள்.

"நன்றி மேடம்," என்றார்.

கோப்புறையைத் திறந்தாள். தேதிகள் வரிசையாக இருந்தன. கடைசித் தேதியைத் திறந்து, பாடம் பாடமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடையில் பேசுவது இருந்தது. மருத்துவரிடம் பேசுவது இருந்தது. பேரப்பிள்ளையைத் திட்டுவது, தான் கடைசியாக மாற்றிய அதே சொல்லோடு இருந்தது. மூச்சுக்குறிகள் இருந்தன. எல்லாப் பக்கத்துக்கும் எண் இருந்தது. அங்கங்கே ஓரத்தில் சின்ன எழுத்தில், "இங்கே மூன்று பேர் நின்றார்கள், மாற்றலாமா என்று பாப்பாவைக் கேட்க வேண்டும்" என்று அடித்திருந்தான். கேட்டதில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பாள்.

போனில் பேசும் பாடம் கடைசியில் இருந்தது. ஆறு வாக்கியம். "கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்பது ஐந்தாவது. "எனக்குப் புரியுது, பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்" என்பது ஆறாவது. அதற்குக் கீழே வெள்ளை. ஏழாவதை அவன் அடித்துக்கொண்டிருந்திருக்கலாம், மேனேஜரின் "வேண்டாம்" அதைக் கொண்டுபோயிருக்கலாம். அவன் விரல்களை அவளுக்குத் தெரியும். போனது ஒரு வரிக்கு மேல் இருக்காது.

மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள், ஓட்டுநரின் தாள் இருந்தது. உள்ளங்கை வியர்வையில் ஓரங்கள் பஞ்சாகியிருந்தன. ஏழாவது வாக்கியம் "வெச்சுடாதீங்க" என்பது. அதற்குக் கீழேதான் நிறைய விரல் தடம் இருந்தது.

அவள் புத்தகத்தைப் பென் டிரைவில் ஏற்றினாள். பழைய தேதிகள் எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றினாள். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம், அப்படியே அந்த ரிப்போர்ட்ல கடைசி எதுன்னு பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா..."

"தேதியைப் பாருங்க சார். தேதி படிக்கத் தெரியும் இல்லையா?"

வெளியே வந்தபோது வரவேற்புப் பெண் வாசல்வரை வந்தாள். அவளுடைய இடது கையின் இரண்டு விரல்கள் கதவின் கைப்பிடியில் இறங்கி ஏறுவதைத் தங்கை பார்த்தாள். இந்த நோய் தொற்றும்போலிருக்கிறது.

வருஷ இறுதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பதிப்பகத்திலிருந்து ஒரு முறை கேட்டுவிட்டார்கள். ஓட்டுநரின் மனைவியும் கூப்பிட்டாள். "உங்க அண்ணன் தாளைக் கொண்டுவரேன்னு சொன்னாரும்மா, இன்னும் காணோம். காலையில போனை எடுத்து வெச்சுட்டு மடியைத் தடவிப் பார்க்கறார்." விஷயத்தைத் தங்கை அவளிடம் சொல்லவில்லை. இந்த வாரம் வந்துவிடும் என்றாள்.

தாள் அவள் கைப்பையில் இருக்கிறது. மீதி நான்கு வாக்கியமும் அடிக்கப்படவில்லை.